உள்ளே பூனை இல்லை

பெஹாலாவில் எங்கள் பாடாவின் துர்கா பூஜைப் பந்தல் வருஷம் ஒரு வேஷம் கட்டும். பாடா என்றால் எங்கள் தெருவும் அதன் அக்கம்பக்கமும். ஒரு வருஷம் முழுப் பந்தலும் மூங்கில் கூடையாக இருந்தது. ஒரு வருஷம் பழைய டிராம் வண்டி. மூன்று வருஷத்துக்கு முன்னால் எகிப்து தேசத்துக் கோயில்.

எகிப்து எனக்குப் புதிது இல்லை. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த வருஷமே என் வீட்டுக்காரர் என்னை ஜாதுகருக்கு, அதாவது மியூசியத்துக்கு, கூட்டிப்போய்க் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த மம்மியைக் காட்டினார். செத்தவரை எரிக்காமல் புதைக்காமல் இப்படிக் காட்சிக்கு வைத்திருக்கிறார்களே என்று, வீடு திரும்பியதும் நான் தலைக்கு ஊற்றிக்கொண்டேன். துறைமுகத்தில் வேலை பார்த்த மனிதர், எத்தனையோ தேசத்தாரைப் பார்த்தவர். அதைச் சொல்லிச் சொல்லிச் சாகும்வரை சிரித்தார்.

பந்தலுக்குத் துணி சுற்றப் பெண்கள் வேண்டும் என்று பூஜை நடத்துகிற கிளப்பின் செக்ரட்டரி வீடு வீடாக வந்தார். வைக்கோலில் உடம்பு, காகிதக் கூழில் தலையும் இரண்டு காதும் செய்து வைத்திருந்தார்கள். அதன்மேல், தேயிலைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்த பழைய வேட்டிக் கிழிசலைச் சுற்ற வேண்டும். சுற்றி முடித்தால் அது பூனைப் பிணம்.

"அம்மன் பண்டிகைக்குப் பூனைப் பிணமா?" என்றேன்.

"மாஷிமா, நீங்க இலையில கட்டற புளிச்சோறு ஹௌராவுல ரயில் ஏறினா மெட்ராஸ் வரைக்கும் அவிழாதாமே. அந்தக் கை எங்களுக்கு வேணும்" என்றார். மாஷிமா என்றால் சித்தி. முகஸ்துதிதான். இருந்தாலும் பொய் இல்லை. போனேன்.

இங்கே பேசுவதெல்லாம் வங்காள மொழியில்தான். நான் அதை எனக்கு வாய்த்த தமிழில் எழுதுகிறேன்.

கிளப் அறையில் பாய் விரித்து எட்டுப் பத்துப் பெண்கள் உட்கார்ந்தோம். என் பக்கத்தில் தீதி. எங்கள் அடுத்த வீட்டு அம்மாள், என்னைவிட இரண்டு வயது மூத்தவள், நாற்பது வருஷப் பழக்கம். நான் தீதி, அதாவது அக்கா, என்பேன். அவள் என்னை 'மாத்ராஜி பௌ' என்பாள், மதராஸ்காரி மருமகள் என்று அர்த்தம். தலை நரைத்தும் நான் அவளுக்கு மருமகள்தான். அவளுக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. துணியின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துத்தான் சுற்றினாள். ஆனாலும் வந்துவிட்டாள், பேச்சுக்காக.

தீதியின் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தியவர். ஊரே அவரை மாஸ்டர்மொஷாய், வாத்தியார் ஐயா, என்னும். எதற்காக இத்தனை பூனை என்று ஒருத்தி கேட்டதும், அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கதையைச் சொன்னார்.

அந்தக் காலத்து எகிப்தில் பூனை முகத்தோடு ஒரு தேவி இருந்தாளாம். வேண்டுதல் உள்ளவர்கள் தூரத்திலிருந்து வருவார்கள். கோயில் பூசாரியிடம் துணி சுற்றிய பூனை ஒன்றை வாங்கி, குறையைச் சொல்லி, அவனிடமே திருப்பிக் கொடுப்பார்கள். அவன் அதைக் கொண்டுபோய்ச் சுரங்கத்துக்குள் தேவிக்கு அடுக்கிவைப்பான். அங்கே பக்தர்கள் யாரும் போக முடியாது. இப்போது அந்தப் பொட்டலங்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சிலதில் பூனை இருக்கிறது. சிலதில் பூனையே இல்லை. சேறு, நாணல், எங்கேயோ பொறுக்கின ஒற்றை எலும்பு. மேலே சுற்றிய துணி மட்டும் அழகோ அழகு.

"திருட்டுப் பய" என்றாள் ஒருத்தி.

"நம்ம தாகுர்மொஷாய் மாதிரிதான். போன வருஷம் நான் கொடுத்த புடவையை அவர் பொண்டாட்டி கட்டியிருந்தா" என்றாள் இன்னொருத்தி. தாகுர்மொஷாய் என்றால் பூஜை செய்கிற ஐயர். எல்லாரும் சிரித்தோம்.

பந்தல் வாசலில் அந்தப் பூசாரியைத்தான் பெரிய பொம்மையாக நிறுத்தியிருந்தார்கள். மழித்த தலை, தோளில் சிறுத்தைத் தோல். முன்னால் மண்டியிட்ட ஒரு பெண்ணுக்கு ஒரு கையால் பொட்டலத்தை நீட்டுகிறான். முகத்தில் அப்படி ஒரு சாந்தம். ஜனங்கள் வரிசை அவனைச் சுற்றிக்கொண்டு போகும். பின்பக்கம் வந்தால்தான் மற்றக் கை தெரியும். அதில் என்ன கொடுக்கலாம் என்று சிற்பி எங்களையே கேட்டார்.

"ஒரு இலிஷ் மீன் குடு! பூனை வாயில போகவேண்டியதை இவன்தானே தின்னான்" என்றாள் தீதி. சிற்பிக்கே சிரிப்புத் தாங்கவில்லை. கடைசியில் மண்டியிட்ட பெண் பொம்மையின் கையிலிருந்து கழற்றிய வளையல் ஒன்றை அந்தக் கையில் வைத்தார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"அவனையே திட்டுறீங்களே. அத்தனை ஜனத்துக்குப் பூனைக்கு எங்கே போவான்? தூரத்திலேருந்து வந்தவளை வெறுங்கையா அனுப்பறதான்னு நெனச்சிருப்பான். அவ மனசு நிறைஞ்சுதா இல்லையா?"

தீதி துணி சுற்றுவதை நிறுத்தவில்லை. "பூனை இல்லேன்னா இல்லேன்னு சொல்றது. அவ நாளைக்கு வந்திருப்பா. இல்லே, வீட்டுலேருந்து ஒரு பூனையைத் தூக்கிட்டு வந்திருப்பா. அது அவளுக்கும் தேவிக்கும் உள்ள பேச்சு. நடுவுல இவன் யாரு முடிவு பண்ண?"

அன்றைக்கு நான் சுற்றின பூனைகள் ஒன்றும் சரியாக வரவில்லை.

ஏன் என்று சொல்ல வேண்டும். இத்தனை வயதுக்கு மேல் மறைத்து வைத்து என்ன செய்யப்போகிறேன்.

இந்த ஊரில் இருந்த தமிழ்க் குடும்பங்களுக்கு ஊர்க்கோயில் தூரம். மாற்றலாகி வந்தவர்களுக்கு லீவு கிடைக்காது, கடை வைத்திருப்பவர்களுக்குக் கடையை மூட முடியாது. நான் வருஷம் தவறாமல் எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவுக்குப் போவேன். ஆகையால் எல்லாருடைய வேண்டுதலும் என் பெட்டியில்தான் ஏறும். மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுவந்து கொடுப்பார்கள். கால்வலிக்கு வெள்ளியில் கால், பிள்ளை வரத்துக்குத் தொட்டில். எனக்கு எழுத்து மூன்றாம் வகுப்போடு சரி, அப்போது பேர் எழுதி ஒட்டவெல்லாம் வராது, எழுதப் பழகினது பின்னால்தான். முடிச்சிலேயே அடையாளம் வைப்பேன். இரட்டை முடிச்சு துறைமுகத்து குவார்ட்டர்ஸ்காரி, ஓரம் மடித்தது இட்லிக்கடைக்காரர் சம்சாரம், நூல் சுற்றினது ஜாதவ்பூர் வாத்தியார் வீடு. ஒரு முறை கூட மாற்றிப் போட்டதில்லை. என் கைக்கு வந்தால் ஆத்தாள் காலடிக்கே போனதுபோல் என்று பேசிக்கொள்வார்கள். அந்தப் பெயர் எனக்குக் கழுத்தில் கிடக்கிற சங்கிலியைவிடப் பெரிது. ஊரிலும் நான் போனால் பூசாரி வரிசையை விலக்கி முன்னால் கூப்பிடுவார். கல்கத்தா அம்மா வந்தாச்சு என்பார்.

தீதிக்கு முதன்முதல் கண் மங்கத் தொடங்கிய காலம், அந்த எகிப்துப் பந்தலுக்குப் பன்னிரண்டு வருஷம் முன்னால் இருக்கும். கண்ணுக்கு என்ன வேண்டுவீர்கள் என்று என்னைக் கேட்டாள். எங்கள் ஆத்தாளுக்கு வெள்ளியில் கண்மலர் செலுத்துவோம் என்றேன். மறுநாளே காளிகாட் கோயில் சந்துக்குப் போய் வாங்கிவந்து முடிந்து என்னிடம் கொடுத்துவிட்டாள். நான் அவிழ்த்துப் பார்க்கவில்லை. பார்க்கிற வழக்கமில்லை.

கோயிலில் பூசாரி தட்டில் கொட்டினார். மூன்று கண்கள்.

காளிகாட்டில் அம்மனுக்குக் கண் என்று கேட்டால் மூன்றாகத்தான் கொடுப்பார்கள். காளிக்கு நெற்றிக்கண் உண்டே. செலுத்துகிற கண் அம்மனுடையது இல்லை, வேண்டிக்கொண்டவளுடைய கண் என்று நான் தீதிக்குச் சொல்லவில்லை. எங்களுக்குச் சொல்லாமலே தெரிந்தது, அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் கொடுத்தது துர்கைக்குக் கொடுப்பதுபோல.

"என்னம்மா இது? ஒங்க கல்கத்தாவுல மனுசருக்கு மூணு கண்ணா?" என்றார் பூசாரி. வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தக் கோயிலில் என்னைப் பார்த்து யாரும் சிரித்து நான் கேட்டதில்லை. முகம் சுட்டது. மூன்றையும் வாரி இடுப்பில் செருகிக்கொண்டேன். வாசல் கடையில் தகடு மாதிரி மெல்லிசாக ஒரு ஜோடி கண்மலர் வாங்கி, தீதியின் தலையை நினைத்துச் சுற்றி உண்டியலில் போட்டேன்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ஊரிலிருந்து திரும்பியதும் தீதி ஓடி வந்தாள்.

"மூணும் தேவியோட முகத்துல வெச்சாங்களா?"

"வெச்சாங்க" என்றேன்.

"நெத்தியிலயும்?"

"நெத்தியிலயும். ஜொலிச்சுது தீதி."

அவள் அழுதுவிட்டாள். தெற்கே ஒரு தேவி தான் கொடுத்த கண்ணால் பார்க்கிறாள் என்று பாடா முழுக்கச் சொன்னாள். மீன்காரனிடம்கூடச் சொன்னாள். தேவியின் முகத்தில் இருக்கிறது என்று சொன்னதை நான் எப்படித் திருப்பிக் கொடுக்க? புடவைக்கு அடியில் இரண்டு வருஷம் கிடந்தது. பிறகு வெள்ளி விளக்கு ஒன்று செய்யப் பழைய வெள்ளி கொடுத்தபோது அதையும் சேர்த்துத் தட்டானிடம் கொடுத்துவிட்டேன். கை நடுங்கியது என்று எழுதலாம். நடுங்கவில்லை. அப்பாடா என்றுதான் இருந்தது.

அந்த எகிப்துக்காரனும் முதல் நாளே திருடனாக வந்திருப்பானா என்று யோசித்துப் பார்க்கிறேன். கோயிலில் அவனுக்கு ஒரு மரியாதை இருந்திருக்கும். ஒரு நாள் பூனை போதவில்லை. இல்லை என்று சொன்னால் தன் பெயர் என்ன ஆவது என்று நாணலைச் சுற்றியிருப்பான். வாங்கினவள் கண்ணீரோடு கும்பிட்டுப் போயிருப்பாள். அதற்குப் பிறகு கை பழகிவிடும். வளையலுக்கு ஆசைப்பட்டது அப்புறமாகத்தான் இருக்கும். என் கணக்கு அப்படி. மாஸ்டர்மொஷாய் புத்தகத்தில் வேறு மாதிரி இருக்கலாம்.

துணி சுற்றத் தொடங்கிய மூன்றாம் நாள் மத்தியானம் மற்றப் பெண்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். நானும் தீதியும்தான் இருந்தோம். பூஜை முடிந்ததும் கண் ஆபரேஷன் என்று சொல்லிக்கொண்டே வந்தவள், குரலைத் தாழ்த்தினாள்.

"மாத்ராஜி பௌ, நீ ஊருக்குப் போறப்போ இன்னொரு செட் தர்றேன். பழசு கறுத்திருக்கும், பாவம் அந்தத் தேவிக்கும் சரியாத் தெரியாதுபோல. அதான் என்னை மறந்துட்டா. புதுசா வெக்கச் சொல்லு."

சரி தீதி என்று சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை. அவள் நிம்மதியாக ஆபரேஷனுக்குப் போவாள், நான் நிம்மதியாக விளக்கேற்றுவேன். அவள் மடியில் பாதி சுற்றின பூனை கிடந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு, பூசாரி கேட்டதிலிருந்து தட்டான் வரைக்கும் சொன்னேன். வரிசையில் சிரித்ததையும் சொன்னேன். அதைச் சொல்வதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது.

தீதியின் விரல் துணி ஓரத்தில் நின்றது.

"அப்போ நெத்தியில ஜொலிச்சுதுன்னியே?"

"பொய்."

"கேட்டது மூணாவது கண்ணைப் பத்தி. அதையும் கூசாம சொன்னே." மடியிலிருந்ததைப் பாயில் வைத்தாள். "ரெண்டுதான் வேணும்னு அன்னைக்கே என்கிட்ட வந்து சொல்லியிருந்தா நான் சிரிச்சிருப்பேன். என்ன ஒரு முட்டாள் பொம்பளை நான்னு ரெண்டு பேரும் சிரிச்சிருப்போம். பன்னெண்டு வருஷமா பாடாவுல என்னைப் பேசவிட்டு நீ கேட்டுக்கிட்டிருந்தியே."

"தீதி..."

"எழுந்திருக்கக் கை குடு."

கொடுத்தேன். எழுந்ததும் கையை விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள்.

அந்த வருஷம் பூஜை எனக்கு மனசில் ஒட்டாமல் வாசலோடு போயிற்று. அஷ்டமியன்று புஷ்பாஞ்சலிக்குப் பூவோடு நின்றபோது தீதி நாலு பேர் தள்ளி நின்றாள். எப்போதும் என் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்பவள், அன்றைக்குக் கிளப் செக்ரட்டரி மனைவியின் தோளைப் பிடித்திருந்தாள். பந்தலுக்கு ஜாதவ்பூரிலிருந்தும் எங்கெங்கிருந்தோவும் கூட்டம் வந்தது. முன்பக்கம் கும்பிட்டவர்களே பின்பக்கம் வந்ததும் 'சோர், சோர்' என்று கத்தினார்கள், திருடன் என்று. சின்னப் பிள்ளைகள் அந்தக் கையோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். சிற்பிக்குப் பரிசுகூடக் கிடைத்தது.

அம்மனைக் கங்கையில் விட்ட பிறகு பிஜயா. இளையவர்கள் பெரியவர்கள் வீட்டுக்குப் போய்க் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும், அவர்கள் இனிப்புத் தர வேண்டும். மனஸ்தாபம் இருந்தாலும் போகாமல் இருக்கக் கூடாது என்பது இங்கத்து வழக்கம். என் வீட்டுக்குத்தான் வருவார்கள், நான் பட்சணம் செய்து வைத்துக் காத்திருப்பேன். பாடாவில் என்னைவிட மூத்தவள் தீதி ஒருத்திதான். அவளும் தானே என் வீட்டுக்கு வந்துவிடுவாள், முறுக்குக்காக. ஆகையால் நான் யார் வாசலுக்கும் பிஜயாவுக்குப் போனதே இல்லை.

அன்று சாயங்காலம் வரைக்கும் பார்த்தேன். அவள் வரவில்லை. புடவை மாற்றிக்கொண்டு போனேன்.

மாஸ்டர்மொஷாய் கதவைத் திறந்து, ஒன்றும் கேட்காமல் விலகி நின்றார். தீதி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். குனிந்து காலைத் தொட்டேன். மற்றவர்களுக்குச் செய்வதுபோல் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் பண்ணவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

"யாரது?" என்றாள்.

"நான்தான்."

"தெரியும். முட்டி சத்தம் கேட்டுது." புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, "வியாழக்கிழமை ஆபரேஷன். பையன் பெங்களூர்லேருந்து வர முடியாதாம். இவரால ஆஸ்பத்திரி மாடி ஏற முடியாது. நீ வா" என்றாள்.

"வர்றேன் தீதி."

"கூட வர்றதுக்கு ஆள் கெடைக்கும். டாக்டர் என்கிட்ட ஒண்ணு சொல்லுவாங்க, வெளியில கூப்பிட்டு வேற சொல்லுவாங்க. வெளியில சொன்னதை எனக்குச் சொல்லணும். கூட்டாம, குறைக்காம. முடியும்னா வா."

முடியும் என்றேன். தட்டில் நாரு, தேங்காய் உருண்டை, இருந்தது. எடுத்துக்கோ என்று அவள் சொல்லவில்லை. மாஸ்டர்மொஷாய்தான் எடுத்துக் கையில் வைத்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் ஆபரேஷன் முடிந்தது. தீதியின் ஒரு கண்ணில் கட்டு, படுக்கையில் நேராக மல்லாந்திருந்தாள். டாக்டர் இளம் பெண். என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள்.

"புரை எடுத்தாச்சு மாஷிமா. ஆனா உள்ளே நரம்பு ரொம்ப வாடியிருக்கு. வெளிச்சம் தெரியும், ஆள் நடமாட்டம் தெரியும். முகம் பிரிச்சுத் தெரியறது கஷ்டம். இன்னொரு கண்ணும் அப்படித்தான் ஆகும், சொட்டு மருந்து போட்டு இருக்கறதைக் காப்பாத்தலாம். இப்போ சொல்லாதீங்க. வயசானவங்க, மனசு விட்டுடுவாங்க. நல்லா ஆச்சுன்னு மட்டும் சொல்லுங்க. செக்கப்புக்கு வர்றப்போ நாங்க பக்குவமாச் சொல்றோம்."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். வராந்தாவிலிருந்து கட்டிலுக்குப் பத்து அடிதான் இருக்கும். அந்தப் பத்து அடிக்குள் என் வாயில் வார்த்தை தானாகத் தயாராகிவிட்டது. நல்லா ஆச்சு தீதி. அன்றைக்கு ஜொலிச்சுது என்று சொன்னேனே, அதே வழுக்கலோடு.

"என்ன சொன்னா?" என்றாள் தீதி.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தப் பெண் சொன்ன வரிசையிலேயே சொன்னேன். புரை, நரம்பு, வெளிச்சம், முகம், இன்னொரு கண். உங்ககிட்ட இப்போ சொல்ல வேண்டாம்னும் சொன்னா என்று அதையும் சொன்னேன்.

அவள் கை போர்வையின் ஓரத்தைத் தேடிப் பிடித்துக்கொண்டது. நான் அதைத் தொடவில்லை. பிறகு கேட்டாள்.

"முகம் தெரியாதா?"

"தெரியாதாம்."

"உன் முகமும்?"

"என் முகமும்தான்."

"அதை நாப்பது வருஷம் பாத்தாச்சு. போகட்டும்." குரல் உடைந்துதான் வந்தது. "அவர்கிட்ட நீ சொல்லாதே. நான் சொல்லிக்கறேன். அந்த டாக்டர் எப்படி இருக்கா?"

"சின்னப் பொண்ணு. கண்ணுக்குக் கீழே கறுப்பு, தூக்கமில்லை போல. சொல்றப்போ என்னைப் பாக்கலே, சுவரைப் பாத்துச் சொன்னா."

"ம். பக்கத்துக் கட்டில்ல யாரு? நரநரன்னு சத்தம் கேக்குது."

"ஒரு குண்டுப் பொம்பளை. ஆபரேஷனுக்கு ஒண்ணும் சாப்பிடக் கூடாதுன்னு எழுதி மாட்டியிருக்கு போல. தலகாணிக்கு அடியில பொரி வெச்சுத் திங்கறா. நர்ஸ் வந்தா நிறுத்திடறா."

தீதியின் உதடு கோணியது. சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

"எழுதி மாட்டியிருக்குன்னு நீ படிச்சியா?"

படிக்கவில்லை. வங்காள எழுத்து எனக்குத் தெரியாது. "இல்லே தீதி. அட்டை தொங்குது, அவ்வளவுதான். அதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது."

"அப்போ அதை விடு" என்றாள். "தெரிஞ்சதை மட்டும் சொல்லு."